சன்னலோர இருக்கை

விமான நிலையப் பதிவு முகப்பில் பயணியிடம் கேட்கப்படும் கேள்விகளுள் மிகச் சிறியது, "சன்னலோரமா, நடைவழியோரமா?" என்பதுதான். பெரும்பாலோர், "எதுவானாலும் சரி" என்று கூறிவிட்டுப் பெட்டியின் எடையைப் பற்றிக் கவலைகொள்ளத் தொடங்கிவிடுவர். தீபாவளிக்கு ஒரு சேலை எடுப்பதற்காகக் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் பத்துக் கடை ஏறி இறங்கும் குடும்பம், பல நூறு வெள்ளி கொடுத்து வாங்கிய பயணத்தில் தான் எங்கே அமரப்போகிறது என்பதை ஒரு நொடியில் பிறர் கையில் ஒப்படைத்துவிடுகிறது. இப்போது முகப்பு ஊழியரின் வேலையைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது. திரையில் இருக்கைகள் கட்டங்கட்டமாக விரிகின்றன. சில நிறுவனங்கள் கட்டத்துக்குக் கட்டம் தனி விலையும் வைத்திருக்கின்றன. ஆயினும் அந்த விலை காலை நீட்டும் வசதிக்கும், முந்தி இறங்கும் அவசரத்துக்கும் உரியது. மலை தெரியும் பக்கம் இது, கடல் தெரியும் பக்கம் இது என்று அத்திரை எவருக்கும் சொல்வதில்லை.

அதை அறிந்துகொள்ளப் பெரிய கல்வி எதுவும் வேண்டா. நான்காம் ஆண்டு மாணவனின் நிலநூற் பாடமே போதும். விமானத்தின் மூக்கை நோக்கி அமர்ந்தவருக்கு இடக்கைப் பக்கத்துச் சன்னல் இருக்கை 'ஏ' எனப்படும். போயிங் 737, ஏர்பஸ் ஏ320 போன்ற ஒற்றை நடைவழி விமானங்களில் வலக்கைப் பக்கத்துச் சன்னல் 'எஃப்' ஆகும். பெரிய விமானங்களில் அது பெரும்பாலும் 'கே'. வடக்கு நோக்கிப் பறக்கும்போது 'ஏ' மேற்கைப் பார்க்கும். திரும்பி வரும்போது அதே 'ஏ' கிழக்கைப் பார்க்கும். ஆகவே போகும்போது இடப்புறம் நன்றாயிருந்தது என்பதற்காக வரும்போதும் இடப்புறத்தையே கேட்டு வாங்குபவர், முன்பு பார்க்காத பாதியைப் பார்ப்பார். பார்த்ததையே மீண்டும் பார்க்க விரும்பினால் பக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். கையில் ஒரு நிலப்படத்தை வைத்துக்கொண்டு, புறப்படும் ஊருக்கும் போய்ச்சேரும் ஊருக்கும் இடையே ஒரு கோடு கிழித்தால் இந்தக் கணக்கு முடிந்துவிடும்.

அடுத்தது இறக்கை. மேற்சொன்ன விமானங்களில் இறக்கை உடலின் அடிப்பகுதியிலிருந்து விரிவதால், நடுவரிசைகளில் அமர்ந்தவர் வழிநெடுகப் பார்ப்பது ஓர் அலுமினியத் திண்ணையைத்தான். இறக்கைக்குச் சற்றுப் பின்னால் அமர்ந்தாலோ, எந்திரம் உமிழும் வெப்பக்காற்று காட்சியைக் கானல்நீர்போல் கலக்கிவிடும். முன்வரிசைகளே நல்லவை, அவை கிட்டாவிடில் வால்பக்கத்துக் கடைசி வரிசைகள். 737இல் இன்னொரு பொறியும் உண்டு. இறக்கைக்கு முன்னே ஓரிடத்தில் குளிர்காற்றுக் குழாய் சுவருக்குள் ஏறிச் செல்வதால், அவ்வரிசையில் சன்னல் இருக்க வேண்டிய இடத்தில் சன்னலே இராது. சன்னலோரம் என்று நம்பி அமர்ந்த பயணி, கண்ணெதிரே வெறும் சுவரைக் கண்டு திகைப்பார். அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் உறங்கிவிடுகின்றனர்.

சுபாங்கிலிருந்து பறக்கும் ஏடிஆர் 72 என்னும் சுழலி விமானத்திலோ எல்லாம் தலைகீழ். அதன் இறக்கை கூரைமேல் பொருத்தப்பட்டிருப்பதால் கீழே பார்ப்பதற்குத் தடை இல்லை. முன்பகுதியில் எந்திரமும் சுழலியும் கண்ணை மறைக்கும். பின்வரிசைகளில் வானும் மண்ணும் தாராளமாகத் தெரியும். மேலும் அது நடைவழிக்கு இப்பக்கம் இருவர், அப்பக்கம் இருவர் என அமரும் விமானம். எந்தப் பயணியும் சன்னலிலிருந்து ஓர் இருக்கைக்கு மேல் விலகியிருப்பதில்லை. தாரை விமானத்தைவிடத் தாழ்வாகவும் மெதுவாகவும் பறப்பதால் ஆற்றையும் சாலையையும் பெயர் சொல்லி அடையாளம் காண முடியும். விரைவைப் பெருமையாகக் கருதுவோர் இதனை ஏளனம் செய்வர். பார்ப்பதற்கென்றே பறப்போர்க்கு இதைவிட நல்ல வாகனம் இந்நாட்டில் வேறில்லை.

பிறகு கதிரவன். பொதுவாகக் கதிரவனுக்கு முதுகு காட்டும் பக்கமே காட்சிக்கு ஏற்றது. காலையில் வடக்கே போவோர்க்கு அஃது இடப்புறம், மாலையில் வலப்புறம். கிழக்கு மேற்காகப் பறப்போர் மாதத்தையும் கணக்கிற் கொள்ள வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்நாட்டில் சூன் மாத நண்பகலில் கதிரவன் வடபுறம் சாய்ந்தும், டிசம்பரில் தென்புறம் சாய்ந்தும் நிற்பதே காரணம். கதிரவனுக்கு எதிர்ப்பக்கம் அமர்ந்தவருக்கு இன்னொரு கொடையும் உண்டு. கீழே வெண்மேகம் பரந்திருக்கும்போது அதன்மேல் விமானத்தின் நிழல் ஓடும். நிழலைச் சுற்றி வானவில்லைப் போன்ற சிறு வண்ண வளையம் தோன்றும். அவ்வளையத்தின் நடுப்புள்ளி, பார்ப்பவரின் கண் இருக்கும் இடத்தின் நிழலாகும். ஐந்தாம் வரிசையில் இருப்பவர் தம் வளையத்தை ஐந்தாம் வரிசையின் நிழலிலும், இருபதாம் வரிசையில் இருப்பவர் இருபதாம் வரிசையின் நிழலிலும் காண்பர். ஒரே விமானத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்களோ அத்தனை வளையங்கள். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. பார்த்த பிறகு நம்புகின்றனர்.

மலேசியாவில் மலை பார்க்கப் பறப்பதென்றால் சபா மாநிலத்தின் கினபாலுவே முதலில் நினைவுக்கு வரும். 4,095 மீட்டர் உயரமுள்ள அம்மலை, கோத்தா கினபாலுவிலிருந்து கிழக்கே சண்டாக்கானுக்குச் செல்வோர்க்கு இடப்புறத்திலும், அங்கிருந்து திரும்புவோர்க்கு வலப்புறத்திலும் நிற்கும். கோலாலம்பூரிலிருந்து வருவோர்க்கு அவ்வளவு உறுதி கூற இயலாது. காற்றைப் பொறுத்து விமானம் வடக்கு நோக்கி இறங்கினால் மலை வலப்புறம். தெற்கு நோக்கி இறங்கினால் இடப்புறம். எப்படியாயினும் காலையிலேயே போய்விட வேண்டும். பொழுது ஏற ஏற மேகம் வந்து மூடிவிடும். பிற்பகலில் மலையின் இருப்பை நம்பிக்கையால் மட்டுமே அறிய முடியும். 2015 சூன் 5ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கத்தில் அம்மலையில் 18 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் இருந்தனர். கழுதைக் காதுகள் என்று அழைக்கப்பட்ட இரட்டைக் கொடுமுடியில் ஒரு காது அன்று உடைந்து வீழ்ந்தது. பள்ளிப் பிள்ளைகளை ஏதேனும் ஒரு பயணத்துக்கு அழைத்துச் சென்றிருப்பவர்க்கு, அம்மலையை வெறும் அழகு என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பிள்ளைகளின் பயணம் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. சிலாங்கூரின் வடமேற்கில், செம்பனைக்கு நடுவே அமைந்த ஒரு சிறிய தமிழ்ப்பள்ளி, நான்கு முதல் ஆறாம் ஆண்டு வரையுள்ள 22 மாணவர்களைப் பினாங்குக்கு அழைத்துச் செல்லத் தீர்மானித்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கமும் நன்கொடையாளர் சிலரும் உதவியதால், போகும்போது விமானம், வரும்போது பேருந்து என்று முடிவாயிற்று. உடனே ஆசிரியர் அறையில் வழக்குப் பிறந்தது. சன்னல் யாருக்கு? தேர்வில் முதன்மை பெற்றோர்க்கு என்றார் ஒருவர். சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றார் மற்றொருவர். சின்னப் பிள்ளைகளுக்கே என்றார் மூன்றாமவர். தேர்வில் முதன்மை பெற்றவனுக்குச் சன்னல் என்பது, பசித்தவனை விட்டுவிட்டு உண்டவனுக்குப் பரிமாறுவதைப் போன்றது. நல்ல வேளையாக அப்பள்ளியில் நிலநூல் அறிந்த ஓர் இளம் ஆசிரியை இருந்தார். சுபாங்கிலிருந்து ஏடிஆரில் போனால் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு சன்னல் கிடைக்கும். 11 சன்னல்கள் போதும். வார்ப்பட்டை விளக்கு அணைந்தபின் பாதி வழியில் இடம் மாறிக்கொள்ளலாம் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். பின்வரிசைகளாகக் கேட்டுப் பதிந்ததும் அவர்தாம். இடப்புறம் ஆறு இணை. வலப்புறம் ஐந்து இணை. இரு பக்கத்தாருக்கும் வெவ்வேறு தாள்கள் கொடுக்கப்பட்டன. தாம் பார்த்ததை மறுபக்கத்தாருக்கு வகுப்பில் விளக்க வேண்டும் என்பது நிபந்தனை.

இடப்புறத்தாரின் தாளில் கடற்கரை வயல்கள், பேராக் ஆற்றின் முகத்துவாரம், பங்கோர் தீவு, செரெசாக் தீவு என்று எழுதியிருந்தது. வலப்புறத்தாரின் தாளில் தித்திவங்சா மலைத்தொடர், கிந்தா பள்ளத்தாக்கின் ஈயக்குட்டைகள், சுண்ணாம்புக் குன்றுகள். காலை விமானமாதலால் வலப்புறத்தார் கண்ணில் வெயில் அடிக்கும் என்று ஒருவர் குறை கூறினார். ஆசிரியை சிரித்துக்கொண்டே, குட்டைகளைப் பார்ப்பதற்கு அந்த வெயில்தான் வேண்டும் என்றார். அவர் கூற்றுச் சரியாகவே இருந்தது. ஈப்போவுக்கு மேற்கே பறந்த சில நிமிடங்களில், பசுமைக்கிடையே நூற்றுக்கணக்கான குட்டைகள் ஒவ்வொன்றாகத் தீப்பற்றி அணைவதைப்போல ஒளிர்ந்தன. உலகின் ஈயத்தில் பெரும்பங்கைத் தந்த மண் அது. 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தபின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. தோண்டிய பள்ளங்களில் மழைநீர் தேங்கி நின்றது. பூமிக்கு இத்தனை கண்கள் உண்டா என்று ஒரு சிறுவன் கேட்டான். பாடநூலில் இரண்டு வரியில் முடிந்துவிடும் பாடம் அவனுக்கு அன்று அரை மணி நேரம் நீண்டது.

இடப்புறத்தாருக்கு வாய்த்தது வேறு. விமானம் எழுந்த சில நிமிடங்களில் வீடமைப்புப் பகுதிகளும் நெடுஞ்சாலைகளும் பின்னே போய், செம்பனைத் தோட்டங்கள் தொடங்கின. மேலிருந்து பார்க்க ஒவ்வொரு மரமும் ஒரு பச்சை நட்சத்திரம். ஏறத்தாழ ஒன்பது மீட்டர் இடைவெளியில், முக்கோணமுறையில் நடப்படுவதால், எந்தத் திசையில் கண்ணை ஓட்டினாலும் நேர்வரிசையாகவே தெரியும். குன்றுப்புறங்களில் படிக்கட்டாக வெட்டிய நடவு, விரல்ரேகையைப் போல வளைந்து வளைந்து செல்லும். இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917ஆம் ஆண்டில் நிகழ்ந்ததும் இதே வட்டாரத்தில், தென்னமரம் தோட்டத்தில்தான். தென்னையின் பெயர் தாங்கிய தோட்டத்தில் செம்பனை வேரூன்றியது ஒரு வேடிக்கை. பால்மரங்கள் நின்ற இடங்களையெல்லாம் பின்னாளில் செம்பனை எடுத்துக்கொண்டது. செம்பனை நின்ற இடங்களைப் பல ஊர்களில் இப்போது வீடுகள் எடுத்துக்கொள்கின்றன. தரையில் வாழ்பவர்க்கு இம்மாற்றம் ஒரு வேலியாகவும் ஒரு பெயர்ப்பலகையாகவும் மட்டுமே தெரிகிறது. வானிலிருந்து பார்க்கும்போதுதான் எவ்வளவு போயிற்று, எவ்வளவு எஞ்சிற்று என்பது ஒரே பார்வையில் விளங்குகிறது.

அந்தப் பள்ளியும் விமானத்தின் வழித்தடத்துக்கு அருகில்தான் இருந்தது. முன்னரே நிலப்படத்தில் ஆற்றின் வளைவைக் காட்டி, அதனருகே தேடச் சொல்லியிருந்தார் ஆசிரியை. ஒரு சிறுவன் முதலில் கண்டுபிடித்தான். பச்சைக்கு நடுவே செவ்வகமாக ஒரு திடல், நீளமான ஒரு கூரை, சற்றுத் தள்ளி மாரியம்மன் கோயிலின் சிறு கோபுரம்.

"டீச்சர், நம்ம பள்ளி! இவ்வளவு சின்னதா இருக்கு!"

அவனுக்குப் பின்வரிசையில் அமர்ந்திருந்த ஐந்தாம் ஆண்டு மாணவி எதுவும் கூறாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"நம்ம லயம் எங்க, டீச்சர்?"

கோயிலுக்கு வடக்கே, முதிர்ந்த மரங்களின் கரும்பச்சைக்கு இடையில், இளம்பச்சையாக ஒரு கட்டம் தெரிந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் லய வீடுகள் இடிக்கப்பட்டுக் குடும்பங்கள் பட்டணத்து அடுக்ககங்களுக்குக் குடிபெயர்ந்தபின், அங்கே புதுக்கன்றுகள் நடப்பட்டிருந்தன. அவளுடைய தாத்தா அங்கேதான் பிறந்தார். அவளும் அங்கேதான் பிறந்தாள். ஆசிரியை சன்னலில் விரலை வைத்துக் காட்டினார். சிறுமி, "கன்னு இன்னும் சின்னதா இருக்கறதால தெரியுதா?" என்று கேட்டாள். ஆம் என்றார் ஆசிரியை. மரம் வளர்ந்தபின் தெரியாதா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் விடை சொல்வது கடினமாயிருந்திருக்கும். பாதி வழியில் இடம் மாறும் நேரம் வந்ததும், அருகிலிருந்த சிறுவன் தன் முறையைத் தவறாமல் நினைவூட்டினான். பிள்ளைகள் இவ்வகைக் கணக்கில் இரக்கம் காட்டுவதில்லை. அவள் எழுந்து இடம் கொடுத்தாள்.

பினாங்கை நெருங்கியபோது விமானம் வடகிழக்கிலிருந்து வந்து தென்மேற்கு நோக்கி இறங்கியது. இடப்புறச் சன்னல்களின் கீழே 1985இல் திறக்கப்பட்ட முதற்பாலமும், அதற்குத் தெற்கே செரெசாக் தீவும், அதற்கும் அப்பால் 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலமும் தெரிந்தன. இரு பாலங்களையும் பார்த்துக் கூவிய பிள்ளைகள், இடையில் காடாகக் கிடந்த தீவைப் பார்த்து ஏமாற்றம் அடைந்தனர். கப்பலேறி வந்த கூலிகளை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த முகாம் அத்தீவில்தான் இருந்தது. 1969 முதல் 1993 வரை அது சிறைத்தீவாகவும் இருந்தது. தாத்தாவின் தாத்தா முதன்முதலில் மலாயா மண்ணை மிதித்த இடம் அதுவாக இருக்கலாம் என்று ஆசிரியை சொன்னதும், முன்வரிசைப் பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்த்தனர். அதற்குள் சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது.

அடுத்த வாரம் வகுப்பில் மறுபக்கத்தாருக்கு விளக்கும் பாடம் நடந்தது. பலர் பாலத்தை வரைந்தனர். ஈயக்குட்டையை வரைந்தவன் நீல வண்ணத்தைக் கைவிட்டு மஞ்சளையே பூசியிருந்தான். ஐந்தாம் ஆண்டு மாணவி தாள் முழுதும் சிறு சிறு நட்சத்திரங்களாக வரைந்து, ஓரிடத்தில் மட்டும் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தாள். அதற்குக் கீழே அவள் தலைப்பு எதுவும் எழுதவில்லை.

கப்பலேறி வந்தோர் என்பது ஏதோ பழங்காலச் செய்தி என்று எண்ணிவிடலாகாது. அவ்வாறு வந்தவர்கள் இன்னும் வாழ்கின்றனர். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா என்னும் கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. அதன்பின் ஓடிய சிதம்பரம் கப்பல் 1985இல் தீவிபத்துக்குள்ளானதோடு அக்கடல்வழியும் நின்றது. 1952இல் ஒன்பது வயதுச் சிறுமியாக ரஜூலாவின் மேல்தளத்தில் தாயின் மடியில் வந்த ஒரு மூதாட்டி, எண்பதாம் வயதில் முதன்முறையாகத் திரும்பிச் சென்றார். மகன் பயணச்சீட்டு எடுத்திருந்தார். நடைவழியோரம் மகன், நடுவில் மூதாட்டி, சன்னலோரம் பதின்மூன்று வயதுப் பேரன். குடும்பங்களில் இருக்கை பிரிப்பது பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது. பெரியவர்க்கு நடுவிடம் பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை.

சிப்பாங் நிலையத்திலிருந்து விமானம் எழும்வரை பேரன் திரையைத் திறந்துவைத்திருந்தான். புறப்படும்போதும் இறங்கும்போதும் சன்னல்திரை திறந்திருக்க வேண்டும் என்பது பணிப்பெண்கள் வற்புறுத்தும் ஒழுங்கு. அந்தச் சில நிமிடங்களில் மூதாட்டி, பேரனின் தோளுக்கு மேலாகச் செம்பனைக் காட்டையும் அதன்பின் கடலையும் கண்டுகொண்டார். விளக்கு அணைந்ததும் பேரன் திரையை இழுத்து மூடினான். கைப்பேசியில் விளையாட்டுத் தெரியவில்லையாம்.

"கொஞ்சம் தொறந்து வையேன்யா."

"வெறும் கடல்தான் பாட்டி. ஒண்ணும் இல்ல."

"அந்த ஒண்ணும் இல்லாத கடலத்தான்யா ஒரு வாரமா பாத்துக்கிட்டு வந்தேன்."

பையன் சற்று நேரம் கைப்பேசியையும் பாட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு எழுந்து இடம் மாறிக்கொண்டான். மகன் உறக்கத்தில் இருந்ததால் இச்செய்தி அவருக்குத் தெரியாது.

அவர் அமர்ந்தது 'ஏ' இருக்கை. சென்னைக்குச் செல்வோர்க்கு அது தென்மேற்கைப் பார்க்கும் பக்கம். சுமத்திராவின் வடமுனையைத் தாண்டியபின் நிக்கோபார்த் தீவுகளின் அருகே வழித்தடம் செல்லும். நாளுக்கு நாள் சற்று விலகுவதால் தீவு வலமா இடமா என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று பெயரிட்ட தீவுகள் அவை. அன்று மூதாட்டிக்குத் தீவு தெரியவில்லை. தெரிந்தது நீரும் மேகமும்தான். பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் கடல் அசைவற்று, துவைத்து விரித்த துணிபோலக் கிடக்கும். "அலையே காணோமே" என்று அவர் வியந்தார். அவர் அறிந்த கடல் நாள்முழுதும் வயிற்றைக் குமட்டிய கடல். உப்பும் எண்ணெயும் ஆட்டுக்கிடையும் நாறிய கடல். ஓரிடத்தில் வெள்ளைக் கீறலாக ஒன்றைக் கண்டு, "அது கப்பலாய்யா?" என்று கேட்டார். பேரன் எட்டிப் பார்த்தான். கப்பல்தான். மலாக்கா நீரிணையை நோக்கிச் செல்லும் சரக்குக் கப்பலாக இருக்க வேண்டும். நகர்வதாகவே தெரியவில்லை.

"அப்படித்தான் வந்தோம். நகர்றதே தெரியாது."

கண்ணாடியின் அடிப்பாகத்தில் ஓர் ஊசித்துளையைச் சுற்றிப் பனி பூத்திருந்தது. விமானச் சன்னல் மூன்று அடுக்குக் கண்ணாடி; நடு அடுக்கில் அழுத்தத்தைச் சமன் செய்ய அந்தத் துளை. பாட்டி அதைத் தொட்டுப் பார்த்து, கண்ணாடி உடைந்திருக்கிறது, சொல்லிவிடு என்றார். பையன் கைப்பேசியில் எங்கோ படித்ததை நினைவுபடுத்தி விளக்கினான். அவன் அன்று விளையாட்டுக்குத் திரும்பவே இல்லை.

கரை நெருங்கியபோது அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். நாகப்பட்டினம் தெரியுமா? பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் அடிவானம் ஏறத்தாழ 357 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். சென்னைக்குத் தெற்கே, அதே இடப்புறத்தில், கணக்குப்படி அந்த வட்டத்துக்குள்தான் நாகப்பட்டினம் வருகிறது. ஆனால் வெயிற்கால மங்கலில் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் நிலமும் வானும் ஒன்றாகிவிடும். தெரியாது, ஆனால் இந்தப் பக்கந்தான் என்றான் பேரன். அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கடலிலிருந்து மேற்கு நோக்கி இறங்கும் விமானத்தில் மெரினாக் கடற்கரை வலப்புறத்தார்க்கு உரியது. அவருக்குக் கிட்டியவை அடையாற்றின் முகத்துவாரமும் பெசன்ட் நகர்க் கரையும். அதில் அவருக்கு மனக்குறை இருந்ததாகத் தெரியவில்லை.

திரும்பும் பயணம் நள்ளிரவில் அமைந்தது. இரவில் சன்னல் எதற்கு என்று மகன் கேட்டார். ஊழியரிடம் பேசி முன்வரிசையில் சன்னல் வாங்கி வைத்தவன் பேரன். நடுவிடத்தைத் தானே எடுத்துக்கொண்டான். நிலவில்லாத இரவு. வங்கக் கடலின்மேல் இரண்டு மணி நேரத்துக்குமேல் இருளைத் தவிர வேறொன்றும் இல்லை. கண்ணாடியில் அவர் முகமே தெரிந்தது. விடிவதற்குச் சற்று முன், விமானம் நீரிணையின்மேல் வந்தபோது, கீழே கப்பல்களின் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக, சாலையோரத்து விளக்குகளைப்போல வரிசைபிடித்து நின்றன. உலகிலேயே நெரிசல் மிகுந்த கடல்வழிகளுள் ஒன்று அது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணத் தொடங்கினார். பேரன் உறங்கிக்கொண்டிருந்தான், எழுப்பவில்லை. முப்பத்தேழு வரை எண்ணினார். பிறகு மேகம் வந்துவிட்டது.